முதல் ஊசி

இருதயம்மாளை நல்ல மனுஷி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ராயபுரத்தில் எங்கள் சந்தில் மூன்றாவது வீடு அவளுடையது. வாய்க்காரி. குழாயடியில் அவளோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர்கள் கிடையாது. சாயங்காலமானால் வாசற்படியில் குந்திக்கொண்டு போகிறவர் வருகிறவர் பார்க்கச் சுருட்டு பிடிப்பாள். தனக்கு ஒருவன் செய்த தீங்கை அவள் மறந்ததாக நான் கண்டதே இல்லை. அப்படிப்பட்டவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நல்லவர்களைப் பற்றிச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டையில் சுயம்பு என்ற திருநெல்வேலிக்காரர் ஒரு கோணிக் கிடங்கு வைத்திருந்தார். துறைமுகத்தில் தானியம் இறக்கும்போது கிழிகிற கோணியெல்லாம் அங்கே வந்து குவியும். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, விரல் நீளத்துக்கு இருக்கும் கோணி ஊசியால் அவற்றைத் தைத்துக் கொடுப்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த புருஷன் நெஞ்சுவலியில் போன பிறகு, ஒரே மகள் அடைக்கலமேரியை வளர்க்க இருதயம்மாள் அந்த வேலைக்குத்தான் போனாள். அது யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையின் தலையில், கதவை ஒட்டி உட்காருகிறவளுக்கு முதல் ஊசி என்று பேர். மேஸ்திரியிடம் சணல் நூலை வாங்கிப் பின்னால் தள்ளிவிடுகிறவள் அவள்தான். அவள் கோத்த பிறகுதான் மற்றவர்கள் ஊசி கோப்பார்கள். அவள் எழுந்தால்தான் சாப்பாட்டுக்கு எழுவார்கள். காலையில் கேட்டுக்கு வெளியே எடைக்கல்லுக்குப் பக்கத்தில் அவள் வந்து நிற்பாள், அவள் முதுகுக்குப் பின்னால் வரிசை சேரும். அவள் உள்ளே கால் வைக்காமல் ஒருத்தியும் வைக்கமாட்டாள். சட்டமா என்றால் இல்லை. முந்திக்கொண்டு போனால் ஊசி உள்ளங்கையில் ஏறும் என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். எவளோ ஒருத்தி எந்தக் காலத்திலோ அப்படிப் போய்க் குத்திக்கொண்டாளாம். கோணி தைக்கிற எல்லாப் பெண்களும்தான் கையைக் குத்திக்கொள்கிறார்கள், முந்திப் போனவளும் பிந்திப் போனவளும். அதை யார் யோசித்தார்கள்?

யுத்தம் முடிந்தபோது முதல் ஊசியாக இருந்தவள் இருதயம்மாள். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. "எம் பொண்ணுங்கோ. நான் கடல்ல எறங்குன்னா எறங்குவாளுங்கோ" என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். அவள் பின்னால் வருவதெல்லாம் பாசம் என்று நம்பினாள். அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் சிலுவையம்மாள். இரண்டு பேரும் ஒரே கோயில், ஒரே தெருக் குழாய். அடைக்கலமேரிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளும் இவளேதான்.

சுதந்திரம் வந்த வருஷம், மழைக்கு முந்தி, கிடங்கில் தீப்பிடித்தது.

மேஸ்திரி உச்சிமாகாளி முதலாளியின் சொந்த ஊர்க்காரன். கிடங்குக்குள் பீடி கூடாது என்று சுவரில் எழுதிப்போட வைத்தவனும் அவன்தான், மத்தியானம் சாப்பிட்டதும் கோணி அடுக்குக்குப் பின்னால் போய்ப் பீடி குடிப்பவனும் அவன்தான். வரிசையில் இருந்த எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும். அன்றைக்கு அடுக்கு புகைந்தது, பிறகு பற்றிக்கொண்டது. மற்றவர்கள் கேட்டுக்கு ஓட, இருதயம்மாள்தான் கோணியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கி அடித்து அணைத்தாள். வலது உள்ளங்கை வெந்து தோல் சுருங்கிப்போனது. ஆற்றிக்கொள்ள வீட்டுக்குப் போனவள் மறுநாள் வந்து பார்த்தால், தீ வைத்ததே அவள் என்று முடிவாகியிருந்தது. அவள் சுருட்டு பிடிப்பது ஊரறிந்த விஷயம்தானே! உச்சிமாகாளிக்கு அது போதும்.

சுயம்பு முதலாளி கெட்டவர் இல்லை, சோம்பேறி. விசாரிக்கிறேன் என்று ஆபீஸ் அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் உச்சிமாகாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருதயம்மாளைச் சுவரோரம் தள்ளி நிறுத்திவிட்டு, மற்றப் பெண்களை உட்காரும் வரிசைப்படியே நிற்கச் சொன்னார்கள். அதனால் முதலில் நின்றவள் சிலுவையம்மாள்.

"நீ பாத்தியாம்மா? யார் நெருப்பு?" என்று முதலாளி கேட்டார்.

சிலுவையம்மாள் தரையைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். "இருதயம்மா சுருட்டுதாங்க" என்றாள்.

இருதயம்மாளுக்கு அப்போதுகூடப் பயம் வரவில்லை. அடுத்தவள் பதுருன்னிசா, பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தாள். "ஆமாங்க, சுருட்டுதான்" என்றாள் பதுருன்னிசா. அதற்கடுத்தவள் பொறி பறந்ததைப் பார்த்தேன் என்றாள். அதற்கும் அடுத்தவள், "வேணாம்க்கான்னு நான் சொல்லிகினே இருந்தேங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் நின்ற காத்தூன் பீவி வாய் திறக்கவே பயந்து தலையை மட்டும் ஆட்டினாள். பொய் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகப் போகக் கைகால் முளைத்து நடமாட ஆரம்பித்துவிட்டது.

"இத்தன பேரு சேந்து பொய்யா சொல்லுவாவ?" என்றார் முதலாளி. இருதயம்மாள் கத்தினாள். கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள், அங்கே நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாளே முதல் ஊசி இடத்தில் சிலுவையம்மாள் உட்கார்ந்தாள். அவள் பின்னால் அதே வரிசை அதே மாதிரி உள்ளே போனது.

வேலை போனது பெரிதில்லை. அடைக்கலமேரிக்குக் காசிமேட்டில் ஒரு படகுத் தச்சன் வீட்டில் சம்பந்தம் பேசி, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற நாள்கூடக் குறித்திருந்தார்கள். கொள்ளி வைத்தவள் வீட்டுப் பெண் வேண்டாம் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். அந்தத் தச்சன் வீட்டுப் பையன் மேல் அடைக்கலமேரிக்கு உயிர். அதற்குப் பிறகு வந்தது எண்ணூர் உப்பளத்தில் கண்காணியாக இருந்த ஒரு ஆள்தான், மனைவியை இழந்தவன், மீசை நரைத்தவன். அடைக்கலமேரி மறுப்புச் சொல்லாமல் கட்டிக்கொண்டு போனாள். போகும்போது தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் சொன்னதை அவளும் நம்பினாளோ என்னவோ, இருதயம்மாள் அதைக் கேட்கவும் இல்லை. ஞானத்தாய் என்ற முறையில் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு ஜெபமாலை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள் சிலுவையம்மாள்! அவள் முகத்தில் காறித் துப்பாமல் இருந்ததற்காக இருதயம்மாள் தன்மேலேயே பல நாள் கோபப்பட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், மன்னித்துவிடு மகளே என்றாராம். "மன்னிக்கிறது அப்பால பாத்துக்கலாம் சாமி. மொதல்ல அந்த மேஸ்திரி வுழட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், சொல்லும்போது கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

பிறகு அவள் செய்த காரியத்தைப் பார்த்து எங்கள் சந்தே பைத்தியம் என்றது. கிடங்கு கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு அடுப்பை மூட்டி ஆப்பக்கடை போட்டாள். ராயபுரத்தில் ஸ்டேஷன் வாசல் இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே. அவளிடம் ஆப்பம் வாங்கக்கூடாது என்று உச்சிமாகாளி சொல்லிவிட்டான். ஒருத்தியும் வாங்கவில்லை. லாரிக்காரர்களும் மூட்டைக்காரர்களும் வாங்கினார்கள். அவளால் முன்போல் கரண்டியை இறுக்கிப் பிடிக்க முடியாது, இடது கையாலேயே ஆப்பம் சுழற்றப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் காத்தூன் பீவி மட்டும் தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பேஜாராகீதுக்கா. எல்லாரும் சொன்னாங்க, நானும் தலைய ஆட்டிட்டேன்."

"எல்லாருன்னா யாரு? அவ பேரு இன்னா? வரிசைல எந்த எடத்துல குந்தினு கீறா? சொல்லு, நான் போய் அவளக் கேக்கறேன்" என்றாள் இருதயம்மாள்.

காத்தூன் பீவி தலைத்துணியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இருதயம்மாளுக்கு ஒரு விஷயம் புத்தியில் உறைத்தது. உள்ளே இருந்தவரை அவளுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குத் தெரியாது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தினமும் பார்க்கிறாள். எடைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள், மற்றவர்கள் அவள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, முதுகைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்கள் வந்தது இருதயம்மாள் பின்னால் இல்லை. அந்த இடத்துக்குப் பின்னால். இத்தனை வருஷம் பாசம் என்று ஏமாந்தோமே என்று அவளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அப்புறம் மெல்ல வேறொன்றும் தோன்றியது. சரி, அந்த இடம் ஒரு நாள் காலியாகாமலா போய்விடும்?

சிலுவையம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. காய்ச்சலோடு வந்து நிற்பாள், மழையில் நனைந்துகொண்டு வந்து நிற்பாள். இடத்தின் ருசி அவளுக்கும் தெரியும். இருதயம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. உச்சிமாகாளிக்குத் தொப்பை வைத்தது. கிடங்கில் புதுப் பெண்கள் சிலர் சேர்ந்தார்கள்.

கடைசியில் சிலுவையம்மாளின் மூத்த மகளுக்குப் பிரசவ வலி கண்டது. சிக்கலான பிரசவம் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், தாயும் கூடப் போனாள். எங்கள் சந்தில் அந்தச் செய்தி பரவியபோது இருதயம்மாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டாள். அதில் வஞ்சகம் இல்லை. பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலக் கடைக்குக் கிளம்பினாள்.

கிடங்கில் காலை மணி அடித்தது. பெண்கள் கேட்டுக்கு வெளியே அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றார்கள். எடைக்கல் பக்கம் காலியாக இருந்தது. யாரை முதல் ஊசியாக வைப்பது என்று உச்சிமாகாளி சொல்லியிருக்க வேண்டும், அவனுக்கு அது தோன்றவே இல்லை. இருதயம்மாள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். எடைக்கல்லுக்குப் பக்கத்தில் போய், வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் பதுருன்னிசா வந்து அவள் பின்னால் நின்றாள். ஏன் நின்றாய் என்று பிற்பாடு நான் கேட்டிருக்கிறேன். "தெரிலயே. அங்க ஒரு முதுவு இருந்திச்சு, பின்னால போய் நின்னேன்" என்றாள். மற்றவர்கள் பதுருன்னிசாவுக்குப் பின்னால் நின்றார்கள். வரிசை சேர்ந்தது. இருதயம்மாள் நகரவில்லை.

மூட்டை ஏற்ற வந்த ஆட்களுக்குத் தலைவன் லியோனார்ட். அவன் கேட்டருகே வந்து பார்த்துவிட்டுத் தன் ஆட்களைக் கையமர்த்தினான்.

"இன்னா மாமு விசயம்?" என்றான் ஒருவன்.

"தெரில. இத்தினி பொம்பளைங்க காரணம் இல்லாமயா நிக்கிறாங்க? ஸ்டிரைக்கா கீது போல. நாம உள்ள போனா நாளைக்கு நம்மளக் கருங்காலின்னுவாங்க. கம்முனு நில்லு."

அந்த வருஷங்களில் துறைமுகம், மில் என்று எங்கே பார்த்தாலும் வேலைநிறுத்தம். கருங்காலி என்ற பேர் வாங்குவதைவிடப் பட்டினி கிடப்பது மேல். மூட்டைக்காரர்கள் நின்றதைப் பார்த்து லாரிக்காரர்கள் நின்றார்கள். லாரி நின்றதைப் பார்த்துக் கட்டைவண்டிகள் நின்றன. கூலி உயர்வு என்றான் ஒருவன். கிடங்குக் கூரைக்கு ஓடு போடவேண்டுமாம் என்றான் இன்னொருவன். எவளையோ மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. காரணம் தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

உச்சிமாகாளி வந்து குதித்தான். "என்னட்டி நிக்கிய? உள்ள போங்கட்டி! ஏ, அவ வேலையவிட்டுத் தொரத்துனவ, அவ பின்னாலயா நிக்கிய?" ஒருத்தியும் அசையவில்லை. அவன் ஒருத்தியின் தோளைப் பிடித்துத் தள்ளியதும் லியோனார்ட் ஆட்கள் "ஏய்" என்று ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். அவன் பின்வாங்கினான். இருதயம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லையாம்.

துறைமுகத்தில் கப்பல் கோணிக்காகக் காத்திருந்தது. சுயம்பு முதலாளி ஜட்காவில் அலறி அடித்துக்கொண்டு வந்து இறங்கினார். நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா வேணும் ஒங்களுக்கு?"

"அன்னிக்குத் தீ எப்படிப் பிடிச்சிதுன்னு கேளுங்க மொதலாளி. அன்னிக்குக் கேட்ட மாதிரியே வரிசையாக் கேளுங்க. வேற ஒண்ணியும் வேணாம்" என்றாள் இருதயம்மாள்.

இவ்வளவுதானா என்று அவருக்கு மூச்சு வந்தது. "சரி, நீயே சொல்லு. யார் நெருப்பு?"

"உச்சிமாகாளி பீடி."

"நீ?"

பதுருன்னிசா முன்னால் இருந்த முதுகைப் பார்த்தாள். "உச்சிமாகாளி பீடிதாங்க" என்றாள். அதற்கடுத்தவள் அடுக்குக்குப் பின்னால் புகை வந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். அன்றைக்கு "வேணாம்க்கா" என்று சொல்லி அழுதவளே, "வேணாம் மேஸ்திரின்னு நான் சொல்லிகினே இருந்தேங்க" என்று இன்றைக்கும் கண்ணைத் துடைத்தாள். ஜெயக்கொடி என்று ஒருத்தி. போன பொங்கலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். தீப்பிடித்த வருஷம் அவள் தூத்துக்குடியில் இருந்தாள். அவளும், "அணைக்காம தூக்கிப் போட்டாருங்க, எங் கண்ணால பாத்தேன்" என்றாள்.

"ஏட்டி, நீ அப்ப வேலைக்கே வரலியே!" என்று உச்சிமாகாளி அலறினான். அவன் ஜென்மத்தில் கிடங்கு வாசலில் சொன்ன ஒரே உண்மை அது. யாரும் காதில் வாங்கவில்லை.

இருதயம்மாள் ஜெயக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். பீடி அவனுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பெண்கள் அது உண்மை என்பதற்காகச் சொல்லவில்லை, அன்றைக்குப் பொய்யைச் சொன்ன அதே வாயால் அதே மாதிரி சொன்னார்கள். அந்த நிமிஷம் அவர்கள் எல்லோர் மேலும் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? காத்தூன் பீவி வரை போகட்டும் என்று விட்டாள். காத்தூன் பீவி இந்த முறை வாய் திறந்தே சொன்னாள்.

"இத்தன பேரு சொல்லுதாவளே, நீ என்னவே சொல்லுத?" என்று முதலாளி மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். உச்சிமாகாளி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போனான். அவன் கடந்து போகும்போது இருதயம்மாள் தன் சுருங்கிப்போன உள்ளங்கையை அவன் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினாள். பிறகு முதலாளி கேட்காமலேயே உள்ளே போய் முதல் ஊசி இடத்தில் உட்கார்ந்தாள். பின்னால் எல்லோரும் போனார்கள்.

சாயங்காலம் பஸ் பிடித்து எண்ணூருக்கு ஓடினாள், மகளிடம் சொல்ல. அடைக்கலமேரி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரிம்மா. அதுக்கு இப்போ இன்னா?" என்றாள்.

உள்ளேயிருந்து அந்த மீசை நரைத்தவன் தண்ணீர் கேட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். இருதயம்மாள் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தாள். அன்றைக்கு வாசற்படியில் சுருட்டு பிடிக்கவில்லை.

மறுநாள் காலை சிலுவையம்மாள் வந்தாள். ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் நலம். வரிசைக்கெல்லாம் கொடுக்க ஒரு பொட்டலம் கற்கண்டு வாங்கி வந்திருந்தாள். எடைக்கல்லுக்குப் பக்கத்தில் இருதயம்மாள் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டாவது இடத்துக்குப் போனாள், அது அவளுடைய பழைய இடம். பதுருன்னிசா நகரவில்லை. மூன்றாவதுக்குப் போனாள். கற்கண்டை நீட்டினாள். அங்கே நின்றவள் வாங்கிக்கொள்ளாமல் முன்னால் இருந்த முதுகோடு ஒட்டிக்கொண்டாள். கடைசிவரை போனாள். கடைசியில் காத்தூன் பீவி, முந்தின நாள் வரை அவளை அக்கா அக்கா என்றவள், தானும் ஒரு எட்டு முன்னால் நெருங்கி நின்றுகொண்டாள். இருதயம்மாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சத்தியமாகச் சொல்லியிருக்கவில்லை.

வரிசை உள்ளே போய் உட்கார்ந்தது. சிலுவையம்மாள் ஊசியும் கற்கண்டுமாகக் கதவருகே நின்றாள். கடைசியில் காத்தூன் பீவிக்கு அப்பால் சுவர்தான், ஆனாலும் தரையில் இடம் இல்லாமலில்லை. நகர்ந்தால் இருக்கும்.

"இருதயம், பேரன் பொறந்துகீறான்டி. மருமவனுக்கு வேலை இல்ல. கொஞ்சம் நவுந்து குந்தச் சொல்லு. நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

இருதயம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் ஞானஸ்நானத் தொட்டி பக்கத்தில் அடைக்கலமேரியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற முகம்.

"நான் யாரையும் நவுரவும் சொல்லல, நவுராதன்னும் சொல்லல. வரிசையக் கேளு" என்றாள்.

சிலுவையம்மாள் வரிசையைப் பார்த்தாள். எல்லாத் தலையும் கோணிமேல் கவிழ்ந்திருந்தது. "ஏ பதுரு" என்று கூப்பிட்டாள். பதுருன்னிசா கோணியைப் புரட்டிப் போட்டாள். "காத்தூனு" என்றாள். காத்தூன் பீவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் நூலு வந்துச்சா?" என்று கேட்டாள் இருதயம்மாள்.

"வந்துச்சிக்கா" என்றது வரிசை ஒரே குரலில்.

சிலுவையம்மாள் கற்கண்டுப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.